மண்டிச் சுவரில் வேளா படம்

12-3-84, திங்கள்
வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பி.எஸ்ஸி. விலங்கியல் ரெக்கார்டு நோட்டு முப்பது திருத்தப் பாக்கி. மண்ணெண்ணெய் வாங்கவில்லை.

நாலு மணிக்குக் கீழவாசல் கருவாட்டு மண்டி. ராமேஸ்வரத்திலிருந்து சுறா இறகு, அதாவது துடுப்பு, மூட்டை மூட்டையாக. இங்கே பிரித்துக் கட்டி மெட்ராஸ், அங்கிருந்து கப்பலில் சிங்கப்பூர். சூப் வைக்கிறார்களாம், கர்மம்.

போன வருஷம் எந்த மூட்டையைப் பிரித்தாலும் வேளா இறகு இருக்கும். இன்று நாலு மூட்டை கிளறியும் ஒரே ஒரு ஜோடி. ரம்பம் போல மூக்கு நீண்ட அந்த மீனை இனிப் பிள்ளைகளுக்குப் படத்தில்தான் காட்ட வேண்டும் போல. எண்ணிக்கை சேர்த்து மெட்ராஸ் ஏற்றுமதி ஆபீஸுக்கு மனு எழுத வேண்டும். வேளா இறகை மட்டுமாவது வெளிநாட்டுக்கு விடாதீர்கள் என்று.

சிக்கல்: இறகு பிரிக்கும் பேச்சியம்மா எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போடுகிறாள். "அம்புட்டும் சுறாதானே டீச்சரம்மா!" என் எண்ணிக்கை நாசம்.

14-3, புதன்
கிடைத்த எண்ணிக்கையை வைத்தே மனு தபாலில் போட்டாயிற்று. சாயங்காலம் பேச்சியம்மாவுக்காகச் சார்ட் பேப்பரில் படம். வேளா, உழுவை, பால்சுறா, ஒவ்வொரு மீனின் இறகு. ஓரத்தில் கொஞ்சம் இடம் காலி. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? "வேளா ஆற்று வாய்ச் சேற்றில் குட்டி போடும். குட்டிகள் அங்கேயே ஆழமில்லாத தண்ணீரில் வளரும்" என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சாமி படம் கணக்கா இருக்கு, சட்டம் போட்டு மாட்டு" என்றார். சிரிப்பு வந்தது.

15-3, வியாழன்
மண்டிச் சுவரில் ஒட்டினேன். பேச்சியம்மா கெட்டி, பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "சிங்கப்பூர்க்காரன் வேளாதான் வேணும்னு உசுர எடுக்குறான். எது எதுன்னு நமக்குத் தெரிஞ்சாத்தானே? நல்ல காரியம் பண்ணீக டீச்சரம்மா." காபி வரவழைத்தார். குடித்தேன்.

29-3, வியாழன்
மெட்ராஸிலிருந்து பதில். இரண்டே வரி. ஏற்றுமதியைப் பெருக்குவதே நோக்கமாம். என் ஆர்வத்துக்கு நன்றியாம். கிழிக்க எடுத்துவிட்டு, ஃபைலில் வைத்தேன். தலைவலி. ரசம் மட்டும்.

2-4, திங்கள்
சுவரில் படம் இல்லை.

"மொதலாளி படத்தக் கொண்டுபோயி நெறைய காப்பி எடுத்தாக. ராமேஸ்வரம் கரையில போட்டு வச்சு மீன் பிடிக்கிறவுக எல்லாருக்கும் குடுத்துவிட்டாகல்ல" என்றாள் பேச்சியம்மா. முதலாளியிடம் ஓடினேன். திருப்பி வாங்குங்கள் என்றேன். "என்ன டீச்சரம்மா, படிச்சவுக நீங்களே இப்படிப் பேசலாமா? நல்லது நாலு பேருக்குத் தெரியட்டுமே." அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே சொன்னார். ஓரத்தில் எழுதச் சொல்லி என்னை யார் கேட்டார்கள்? அறிவு கெட்ட ஜென்மம் நான்.

வீட்டில் பால் திரிந்துவிட்டது.

26-4, வியாழன்
மூன்று வாரம் மண்டிப் பக்கம் போகவில்லை, பயம். இன்று போனேன்.

தனியாக ஒரு மூட்டை. முழுக்க வேளா. பேச்சியம்மா சாக்கை விரித்துக் கொட்டினாள். முக்கால்வாசி என் உள்ளங்கையை விடச் சின்னது. எல்லாம் குட்டி.

எங்கே பிடித்தார்கள் என்று கேட்டேன்.

"ஆத்து வாய்ச் சேத்துலயாம். குறுக்க வலையக் கட்டி விட்டாகளாம். ஒங்க படத்துல அப்படித்தானே போட்டுருக்கு?"

நோட்டைத் திறந்து எண்ண ஆரம்பித்தேன். அறுபதுக்கு மேல் முடியவில்லை. பேச்சியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"வேளா வரலையே, வரலையேன்னு பொலம்புனீகளே டீச்சரம்மா. பாருங்க, எம்புட்டு வந்துருக்கு!"

ஆமாம் என்று தலையாட்டினேன்.