ஆள்வதற்கு ஒரு துருக்கிச் சொல்

ராத்தா,

இன்று காலை என் கையில் கொலோன்யா ஊற்றினார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக ஒரு துருக்கி அம்மா வந்திருக்கிறார். அவருடைய மகள் அறைக்குள் வந்துபோகும் எல்லோருடைய கையிலும் கண்ணாடிப் போத்தலிலிருந்து அந்த வாசனைத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தாள். எலுமிச்சையும் சாராய நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு, துணி மடிக்கும் அறைக்குள் போய் நின்று அழுதேன். வேலைநேரத்தில் அழவைத்ததற்காக உங்களைத் திட்டவும் செய்தேன்.

2012இல் நோன்பு குளிருக்குள் வந்தது. வடக்கு மெல்பேணில் துருக்கியரின் அந்த மண்டபத்தை, தமிழ் பேசும் முஸ்லிம்களான நாம் இரண்டு வருஷமாகப் பாவித்துக்கொண்டிருந்தோம். சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஓதல், நோன்பு மாதத்தில் தினமும் அவர்களுடைய குசினியில் நம்முடைய கஞ்சி. படகில் வந்து, முகாமிலிருந்து விடப்பட்டு, தற்காலிக விசாவில் அறை பகிர்ந்து கிடந்த நம் பையன்கள் வேலை முடிந்து நேரே அங்கேதான் வருவார்கள். வீட்டுச் சாப்பாடு என்று அவர்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். அந்தக் குசினி நம் கையை விட்டுப் போனால் அவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று நம் ஒருவருக்கும் தெரியாது.

நகரசபை குசினி அனுமதியைப் புதுப்பிக்க, மண்டபத்தை யார் நடத்துகிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லியிருந்தது. என் கணவர் எழுதித் தருவதாக முந்திக்கொண்டார். தன் ஆங்கிலத்தைப் பற்றி அவருக்கு இருக்கும் நம்பிக்கை உங்களுக்குத் தெரியாததா? இரண்டு சமூகமும் சேர்ந்த குழு மண்டபத்தை 'கவர்ன்' செய்யும், அதாவது ஆளும், என்று எழுதினார். அதைத் துருக்கிப் பெரியவர்களுக்கு முன்னால் அவர்கள் மொழியில் வாசிக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்தது. காயல்பட்டினத்திலிருந்து படிக்க வந்து, துருக்கிக்காரரை மணந்து, அந்த வீட்டு மருமகளான உங்களை விட்டால் எங்களுக்கு யார் இருந்தார்கள்? மண்டபத் தலைவர் உங்கள் கணவரின் மூத்த அண்ணன். அவரை நாங்கள் பெரியவர் என்போம்.

கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் என் குசினிக் கதிரையில் அகராதியோடு வந்து உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும்போதும் நீங்கள் அப்படித்தானாம், ஒரு சொல்லுக்குள்ள அத்தனை சொல்லையும் எடுத்துப் பரப்பிவிட்டுத்தான் ஒன்றைப் பொறுக்குவீர்கள். ஹுக்மெத்மெக் என்றால் அதிகாரம் செலுத்துவது, ஹுக்மு போடுவது. அந்தச் சொல்லை எடுத்தால் அடி விழும் என்றீர்கள். யோனெத்மெக் என்றால் வழிநடத்துவது. அலுவலக வாசம் அடிக்கும், ஆனால் ஆபத்தில்லை. சுல்தானாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஆள்வதற்குத் தனிச் சொல் உண்டு, அது இவருக்குத்தான் பொருந்தும் என்று என் கணவரைக் காட்டினீர்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாம் ஒண்டுதானே ராத்தா," என்றார்.

"ஒண்ணு இல்ல தம்பி. நீங்க எழுதினது அவங்க காதுல எப்படி விழும்னு நான்தானே பாக்கணும்?"

கடைசியில் இதாரே எத்மெக் என்ற சொல்லில் விரலை வைத்தீர்கள். ஒரு இடத்தைப் பார்த்துக்கொள்வது, இருப்பதை வைத்துச் சமாளிப்பது, ஒத்துவராத ஆளோடும் ஒத்துப்போவது, எல்லாவற்றுக்கும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள் என்றீர்கள். நாளைக்கு இதுதான் என்று அகராதியை மூடியபோது உங்கள் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொல்லைச் சரியாகப் பொறுக்கிவிட்டோம், இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்று நானும் நம்பினேன்.

மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். எல்லோரும் நோன்பு, எல்லோருக்கும் தலைவலி. பெரியவர் வாசலில் நின்று, வந்தவர் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே கொலோன்யா ஊற்றினார். வீட்டுக்கு வந்தவரை மதிப்பதற்கு அவர்கள் செய்வது அது. நம்மவர் வரிசையில் முதலில் நின்றவர் என் கணவர். போத்தல் தன் பக்கம் சாய்ந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைப் பின்னால் கொண்டுபோனார்கள். அதில் சாராயம் இருக்கிறது, நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹபின் சட்டப்படி அது அசுத்தம், மஃரிப் தொழுகைக்கு நிற்கப்போகிற கையில் அதை எப்படி வாங்குவது என்பதுதான் அவர்கள் மனதில். துருக்கியர் ஹனபி மத்ஹபுக்காரர், அவர்களுக்கு அது வெறும் வாசனை. நம்மவர்களில் ஒருவர்கூட வாய் திறந்து இதைச் சொல்லவில்லை. பெரியவர் மூடியைத் திருகி, போத்தலை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் உங்களைப் பார்த்தேன். உங்கள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

நீங்கள் வாசித்தீர்கள். அந்தச் சொல் வந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் மென்மையாக்கினீர்கள். என்ன பிரயோசனம்? பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தி, மெதுவாக ஏதோ கேட்டார். அதில் ஹுக்மு என்ற ஓசை எனக்கே கேட்டது. கேட்டதைக் கேட்டபடியே சொல்வதுதான் உங்கள் தொழில். அதனால் நம் பக்கம் திரும்பி அப்படியே சொன்னீர்கள்.

"என் வாசல்ல நின்னு என் கையால குடுத்தத வாங்க மாட்டீங்க. என்னை ஆள மட்டும் வருவீங்களா?"

என் கணவர் எழும்பினார். எழும்பாமல் இருந்திருக்கலாம். அடுப்பு நாங்கள் வாங்கிப் போட்டது, சுவருக்கு நாங்கள் பெயின்ட் அடித்தது என்று ஆரம்பித்தார். நீங்கள் அதையும் ஒரு சொல் குறைக்காமல் துருக்கியில் சொன்னீர்கள். அங்கேயிருந்து வந்த பதில் சுருக்கமானது. இன்று நோன்பு திறந்ததும் குசினிச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார் பெரியவர். பின்வரிசையில் இருந்த நம் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கஞ்சிப் பானை குசினியில் கொதித்துக்கொண்டிருந்தது, போய்க் கிண்டாமல் நான் அங்கேயே நின்றேன்.

அப்போது நீங்கள் தாளை மடித்துக் கதிரையில் வைத்தீர்கள். ஒருவர் சொல்லாததை நம் வாயால் சொல்லக் கூடாது என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அந்தப் பிடிவாதக்காரியான நீங்கள் அன்று உங்கள் சொந்தப் பேச்சைப் பேசினீர்கள். முதலில் துருக்கியில் நீளமாக. இது அவர்கள் சொல்லச் சொன்னதா என்று பெரியவர் குறுக்கே கேட்டாராம், நீங்கள் இல்லையென்று தலையாட்டினீர்கள். பிறகு என் கணவரிடம் வந்து நின்றீர்கள்.

"அவங்கள வெறுத்து நீங்க கையப் பின்னால கட்டல, இதுல சாராயம் இருக்குன்னு பயந்து கட்டினீங்க, அதச் சொல்ல வெக்கப்பட்டுட்டீங்கன்னு சொல்லிட்டேன். அது பொய்யின்னா இப்பவே சொல்லுங்க தம்பி."

அவர் போத்தல் இருந்த ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்க வாப்பா வாசல்ல நின்னு நீட்டின வெத்தில வட்டாவுக்கு ஒருத்தர் கையப் பின்னால கட்டியிருந்தா, வாப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"பொய் இல்ல ராத்தா," என்றார் அவர், கீழே பார்த்தபடி. "சொல்லியிருக்கணும்."

நீங்கள் அதைத் துருக்கியில் சொன்னீர்கள். பெரியவர் எழுந்து வெளியே போனார். போயேவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன், நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். அந்த வீட்டில்தான் நீங்கள் மறுநாளும் வாழ வேண்டும். கொஞ்ச நேரத்தில் கழுத்து நீண்ட செம்பு ஒன்றோடு திரும்பி வந்தார். நபி புகழ் ஓதும் மவ்லிது நாட்களில் தெளிக்க அவர்கள் வைத்திருக்கும், சாராயம் கலக்காத பன்னீர். என் கணவருக்கு முன்னால் வந்து நின்று செம்பைச் சாய்த்தார். இவர் இரண்டு கையையும் நீட்டினார். பன்னீர் நமக்கும் பன்னீர்தானே ராத்தா, அந்த வாசனை வந்ததும் எங்கள் கல்யாண வீடே ஞாபகம் வந்தது. சாவியைப் பற்றிப் பிறகு ஒருவரும் பேசவில்லை. நோன்பு திறந்ததும் பெரியவர் கஞ்சி இரண்டு கோப்பை குடித்தார். உறைப்பு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தபோதும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

உங்களுக்குத்தான் அது சும்மா போகவில்லை. உன் நாக்கு எந்தப் பக்கம் என்று வீட்டில் கொஞ்ச நாள் குத்திக்காட்டினார்கள் என்று பிறகு சொன்னீர்கள். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இதாரே எதியோரும்னு சொன்னேன் புள்ள, சமாளிக்கிறேன்னு," என்று சிரித்தீர்கள். அடுத்த வருஷம் நோய் உங்களைக் கட்டிலில் போட்டபோது, எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை. ஒரு தடவையாவது வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், என்னிடமாவது.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். துக்க வீட்டிலும் அவர்கள் கொலோன்யா ஊற்றுவார்கள். பெரியவரே ஊற்றிக்கொண்டு வந்தார், கை முன்னைப்போல உறுதியாக இல்லை. என் கணவரிடம் வந்ததும் போத்தலை மார்போடு பிடித்துக்கொண்டு, பன்னீர்ச் செம்பு எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அதை எடுத்து வைக்க அன்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்கவில்லை. அதைத் தயாராக வைப்பவர் நீங்கள்தானே. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசவும் ஆள் இல்லை.

என் கணவர் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார். பெரியவர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஊற்றினார். ஊற்றிய கையை அப்படியே அவர் கைமேல் வைத்துக்கொண்டு அழுதார்.

ஒரு வேலை தொடங்குமுன் எதிரே இருப்பவரின் கைகளைப் பார்க்கும் பழக்கம் உங்களிடமிருந்து என்னோடு வந்துவிட்டது. கட்டியிருக்கிறதா, நீட்டியிருக்கிறதா, நடுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது வாயைத் திறக்கிறேன். உங்களை அடக்கம் செய்த அன்று வீட்டுக்குக் காரில் வரும்போது வண்டி முழுக்க எலுமிச்சை வாசனை. தொழுகைக்கு நேரமாகிறதே, இந்தக் கையோடு என்ன செய்யப்போகிறீர்கள் என்று இவரைக் கேட்டேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பைப்புல தண்ணி வருதுதானே. கழுவினாச் சரி."