ஓடக்காரி கூத்தின் உரிமை

வெண்கரை நாட்டை ஆளும் இளநகைத் தேவி, மலைவளமும் மக்கள் அன்பும் குன்றாத கல்யாற்று நாட்டு வேந்தர் செங்கோடனார் திருமுன் எழுதுவிக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பருவம் தவறாது பெய்க. மணக்கோலம் பூணவிருக்கும் தங்கள் திருமகளார் நீடு வாழ்க.

எம் அரண்மனைக் கூத்தாசிரியை முல்லைச்சாத்தி இயற்றிய ஓடக்காரி கூத்தை அவர்தம் திருமண விழாவில் ஆடத் தாங்கள் விரும்பிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளநாளில் மன்னன் தன் மாளிகையைக் காக்க ஊர்ப்பக்க மதகைத் திறந்துவிட்டதால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, இறுதிவரை அவனை மன்னிக்காத கதை அது. அம்மன்னர் எம் தந்தையார் என்பதை நாடறியும். ஆகவே எம் அமைச்சர் பெருங்கண்ணனார், ஓடக்காரி மன்னிப்பதாக முடித்துக்கொள்ளலாம் எனத் தங்களுக்கு இசைவு எழுதிவிட்டார். யாமும் தடுத்தோமில்லை.

செய்தி அறிந்த சாத்தி அவைக்கு வந்தாள். அரண்மனைச் சோறுண்டு, அரண்மனை ஆடுநரைக் கொண்டு ஆக்கியது அரண்மனைக்கே உரியது என்றார் அமைச்சர். அதற்கு அவள், “உண்ட சோத்துக்கு உழைச்சிட்டேன் தாயே. அந்த ஓடக்காரி வாயிலே நான் வைக்காத சொல்லை வைக்க, என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?” என்றாள். பணியிலிருந்து விலக விடைகேட்டு நின்றாள்.

அவ்வேளையில் தங்கள் தூதர் வந்தார். ஆக்கியவள் இசைந்தாளா என்றறியாமல் ஒரு சொல்லையும் மாற்றலாகாதென ஒத்திகையைத் தாங்கள் நிறுத்திவிட்டதாகத் தெரிவித்தார். கேட்ட சாத்தி அவையென்றும் பாராமல் அழுதாள். எமக்கு முதலில் நாணமும், பின்னர் நெஞ்சு நிறைந்த நன்றியும் உண்டாயின. எம் வீட்டுப் பிழையை எம்மைப் பழிக்காமல் திருத்தினீர்கள். எம் நாட்டின் சிறந்த கூத்தாசிரியையை எம்மிடமே நிறுத்தித் தந்தீர்கள். இந்நன்றியை எம் குலம் உள்ளவரை மறவோம்.

அரங்கும் ஆளும் தந்த அரண்மனைக்கும் பங்குண்டு என்பதைச் சாத்தியும் மறுக்கவில்லை. ஆதலால், எம் ஊழியத்தில் இருக்கையில் ஒருவர் படைப்பது எதுவாயினும் அதன் உரிமை அவருக்கும் அரண்மனைக்கும் பொதுவாகுக. பிறர்க்கு அளிக்கவும் மாற்றவும் இருவர் இசைவும் வேண்டும். அவர் பணி நீங்கினும் அவர் பங்கு நீங்காது. இவ்வாறு ஆணையிட்டோம்.

ஆணை பிறந்த மறுநாளே, எம் தந்தையார் பொருட்டு முடிவை மாற்றித் தர இயலுமா என யாமே அவளிடம் வேண்டினோம். இயலாது என்றாள், வணங்கியே சொன்னாள். ஆகவே கூத்து உள்ளபடியே அங்கு வருகிறது. ஆசிரியையும் உடன் வருகிறாள். யாமும் வந்து, மன்னிப்பில்லா அம்முடிவு வரை அமர்ந்திருப்போம்.

இது எம் மீன்கொத்தி முத்திரை இட்ட ஓலை. இதன்படி எம் நாட்டார் அனைவரும் ஒழுகுக, யாமும் ஒழுகுவோம்.