மதினியின் கைக்கு வந்த பழி

காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் புளித்த நெடி ஒன்று மூக்கில் ஏறியது, மதினி. கன்றுக்குக் கழிச்சலோ என்று சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வாளியில் கஞ்சித்தண்ணீர் புளித்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக மனம் வரவில்லை. உங்களோடு பேசவேண்டும் போலிருந்தது.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு உக்குவளையிலிருந்து எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தபோது செவலைப் பசுவையும் ஓட்டிவந்தீர்கள். "எனக்குச் சீதனமே இவதான் தம்பி" என்பீர்கள். அவளுடைய தலைக்கன்றைக் கொட்டகையின் மூலையில், அடுப்படிச் சுவரின் சூடு படும் இடத்தில் கட்டினீர்கள். எங்கள் பழைய பசுவின் கன்றுகளையும் அங்கேதான் கட்டுவோம். பால்குடி மறக்குமுன்னே அது வயிறு பானையாக உப்பி, மயிர் சிலிர்த்து, வெளுப்பாகக் கழிந்து செத்தது.

தீட்டுப் போகட்டும் என்று அந்த மூலையைக் கொட்டகைச் சாணத்தால் மெழுகினீர்கள். கோலம் போட்டுச் சூடம் கொளுத்தி, அடுத்த கன்றையும் அங்கேயே கட்டினீர்கள். அதுவும் அப்படியே போயிற்று. மறுபடி மெழுகினீர்கள், இன்னும் தடிப்பாக.

பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் பேசத் தொடங்கினார்கள். "ராசியில்லாத கை. அவ தொட்டது தங்காது." உங்களுக்குப் பிள்ளையில்லாததையும் அதோடு முடிச்சுப் போட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நீங்களோ அதை நம்பிவிட்டீர்கள். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மூன்றாவது கன்று பிறந்த அன்று நீங்கள் உள்ளேயே வரவில்லை. "நீங்களே தொடச்சி விடுங்க தம்பி, என் கை வேணாம்" என்று வாசலில் நின்றீர்கள். நான்தான் சீம்பால் குடிக்க விட்டேன், நான்தான் அந்த மூலையில் கட்டினேன். என் மடியில் தலை வைத்துத்தான் அது செத்தது. என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

"வாசல்ல நின்னு நான் பாத்தேன்ல, அதான்" என்றீர்கள். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

செவலை மறுபடி சினையானபோது, தோட்டத்துத் துரையின் மாடுகளைப் பார்க்க வந்த மாட்டு டாக்டரை வழிமறித்துக் கூட்டிவந்தேன். நடந்ததெல்லாம் கேட்டார். "குடல் புழுங்க. கன்னு போடுற சாணியில முட்டை வந்து ஈர மண்ணுல கெடக்கும். அடுத்த கன்னு அந்த மண்ண நக்கும், சாணி ஒட்டுன மடியில வாய வைக்கும். தாய்ப்பால்லயும் புழு எறங்கும். எடத்த மாத்துங்க, மடியக் கழுவுங்க. கன்னு பொறந்ததும் சொல்லுங்க, மருந்து தாறேன்."

மெழுகியதையும் சொன்னேன். "முட்டைய அள்ளிப் பூசின மாதிரில்ல ஆயிருச்சு" என்றார். நீங்கள் இருந்திருந்தால் புழுவைப் பற்றிச் சொல்லியிருப்பேன், மதினி. இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நாலாவது கன்று டாக்டர் தந்த மருந்தையும் குடித்து, மேட்டில், காய்ந்த இடத்தில் வளர்ந்து, இப்போது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அதே பெண்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். "எங்க கன்னையும் ஒரு தடவ தொட்டுட்டுப் போங்க தம்பி, ஒங்களுக்கு நல்ல கை."

போகிறேன். இடத்தை மாற்றச் சொல்கிறேன், மடியைக் கழுவச் சொல்கிறேன். எங்கள் மதினி கையில் ஒரு குறையும் இருந்ததில்லை, எல்லாம் புழு செய்த வேலை என்று வீட்டுக்கு வீடு சொல்கிறேன். கன்றை மட்டும் நான் தொடுவதில்லை.