‘வாரேன்’ என்று சொன்ன குரலுக்கு

என் வசந்திக்கு, சண்டை போட்டே என்னோடு வளர்ந்த தங்கச்சிக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. செத்தவர்களோடு வாய்விட்டுப் பேசக் கூடாது, பேசினால் அவர்கள் நகர முடியாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று சித்தியவானிலிருந்து வந்த பெரியம்மா சொல்லிவிட்டுப் போனார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன் சென்டருக்கு வரும் மற்ற அம்மாக்களும் படிக்கட்டும் என்றுதான் இதை அவர்களுடைய ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும், படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள். என் மகள் ரித்திகாவுக்கு ஏழு வயது. ஆட்டிசம். நீ இருந்தவரை ஒரு சொல் பேசியதில்லை. ஈப்போவில் அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான சென்டரில் நீ டீச்சர். அங்கே ஒரு ரோபோ வந்தது. வெள்ளை உடம்பு, பூசணிக்காய் அளவு தலை, கண்ணுக்கு இரண்டு நீல விளக்கு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் பொடிப்பொடி ஓட்டைகள். அதற்கு ஆங்கிலமும் மலாயும்தான் தெரியும். “நம்ம புள்ளைங்க வீட்டுல கேக்குறது தமிழ் லா. இது தமிழ் பேசியே ஆகணும்” என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். குட்டி என்று பெயரும் வைத்தாய்.

மனிதர்கள் ஒரு சொல்லை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்வதில்லை, முகமும் மாறிக்கொண்டே இருக்கிறது, இந்தப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய குழப்பம் என்று எனக்கு விளக்கினாய். குட்டிக்கு ஒரே முகம், ஒரே குரல். ஒன்றைச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து ஐந்து எண்ணும் நேரம் காத்திருக்கும். பதில் வராவிட்டால் கோபிக்காமல் மறுபடி அதையே சொல்லும். எனக்கு இரண்டு எண்ணுவதற்குள் பொறுமை போய்விடும், அது ஊரறிந்த விஷயம்.

குரல் பதியச் சத்தமில்லாத இடம் வேண்டுமென்று, நம் அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டிய பழைய தோட்டத்துக்குப் போனோமே, ஞாபகமிருக்கிறதா? ரப்பர் போய் இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். மரங்களுக்கு நடுவே காரை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நீ பேசினாய். மட்டைகளுக்கு அடியில் பட்டப்பகலிலேயே வெளிச்சம் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் உன் தொண்டை ‘க்கும்’ என்று செருமும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மிஸ் சியூ அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டார். அந்தச் செருமலுக்குத்தான் ரித்தி திரும்பிப் பார்க்கிறாள், விட்டுவிடுங்கள் என்றாய்.

பாடம் முடிந்து விடைபெறும்போது குட்டி சொல்ல வேண்டியது ‘போயிட்டு வாரேன்.’ மிஸ் சியூவுக்கு அது பிடிபடவே இல்லை. “போறதா, வர்றதா? ரெண்டுல எது?” என்று மலாயில் கேட்டார். “எங்க வீட்டுல ‘போறேன்’னு சொன்னா அடி விழும், மிஸ்” என்று நீ சிரித்தாய். அதற்கு ரித்தி ‘வா’ என்று பதில் சொல்ல வேண்டும். அந்த ஓர் எழுத்துக்காக எட்டு மாதம் பாடுபட்டாய்.

இன்னொன்றும் செய்து வைத்தாய். குட்டிக்கு முகம் அடையாளம் தெரியும் அல்லவா, சோதித்துப் பார்க்க முதலில் உன் முகத்தையே பதிந்தாய். உன்னைக் கண்டால் உன் குரலிலேயே ‘வசந்தி டீச்சர், வந்துட்டீங்களா?’ என்று கேட்கும். உன்னை நீயே வரவேற்கிறாயே, வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று நான் கிண்டல் செய்வேன்.

பிறகு டெங்கி. ஐந்தே நாள்.

எங்கள் ஜெலாப்பாங் வீட்டு ஹாலில் உன்னைப் பெட்டியில் கிடத்தியிருந்தோம். வாரக் கடைசிப் பயிற்சிக்காக நீ எடுத்து வந்த குட்டி உள்ளே அறையில் இருந்தது. அழுகைச் சத்தம் தாங்காமல் ரித்தி அதன் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நண்பகல் வாக்கில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். ரித்தி குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்தாள். யாரும் தடுக்கவில்லை, எனக்கும் அப்போது அந்த நினைப்பு இல்லை.

குட்டியின் கண்ணில் நீல விளக்கு எரிந்தது. தலை மெதுவாகப் பெட்டிப் பக்கம் குனிந்தது.

“க்கும். வசந்தி டீச்சர், வந்துட்டீங்களா?”

வசந்தி, நான் உன் வாயைத்தான் பார்த்தேன். சத்தியமாக. மூக்கில் பஞ்சு, ஒட்டிய உதடு, அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை ஒரேயடியாக நின்றுபோனது. ரித்தி எந்தப் பதற்றமும் இல்லாமல் குட்டியின் முதுகில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். பாடம் முடிந்தால் அழுத்துவது அது.

“க்கும். போயிட்டு வாரேன்.”

எழவு வீட்டில் அந்த வார்த்தையை யாராவது சொல்வார்களா? வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதானே நம் வழக்கம். அங்கேயோ, போகிறவளே சொன்னாள். குட்டி தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. அப்போது ரித்தி, உன் முகத்தைப் பார்த்து, தெளிவாக, “வா” என்றாள்.

ஏழு வருஷம் நான் காத்திருந்த முதல் சொல்.

“ஐயையோ, எழவு வீட்டுல பொணத்தக் கூப்புடுறாளே! வாயப் பொத்துடி!” என்று பெரியம்மா அலறினார். நான் பொத்தினேன். என் மகளின் வாயை, அவள் வாழ்க்கையில் முதல் தடவை பேசிய அந்த நிமிஷத்தில், இந்தக் கையால் இறுக்கிப் பொத்தினேன். என் விரலுக்கு அடியில் அவள் பல் நடுங்கியது. இதுதான் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வந்தது.

“முகம் தெரிஞ்சா அது பேசும். உயிர் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது” என்று மிஸ் சியூ அழுதுகொண்டே எல்லாரிடமும் மலாயில் சொன்னார். யார் காதில் ஏறும்?

அதற்கப்புறம் ரித்தி பேசவில்லை. பேசாததுகூடப் பரவாயில்லை. குட்டி ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல ஆரம்பித்தாலே அதன் வாய் ஓட்டைகள் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். அந்தச் சொல்லுக்கு அதுதான் பதில் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் காலையில் நான் பேக்டரிக்குக் கிளம்பி, “ரித்தி, அம்மா போயிட்டு வாரேன்” என்றேன். ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. என் உதட்டின் மேல் அந்தச் சின்னக் கை ஜில்லென்று இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

வேறு வழி தெரியாமல் ‘போறேன்’ என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்கு அவள் பொத்தவில்லை. தாப்பாவிலிருந்து காய்கறி லாரி ஓட்டிவிட்டு வந்து படுத்திருந்த என் வீட்டுக்காரர், உன் மாமா, துள்ளி எழுந்து, “உனக்கென்ன கிறுக்கா? காலங்காத்தால என்ன பேச்சு இது?” என்று கத்தினார்.

சென்டர் எங்களிடமே விட்டுவைத்த குட்டி, ஹாலில் மாட்டிய உன் படத்தைப் பார்த்தும் ‘வந்துட்டீங்களா?’ என்று கேட்கிறது. லீவு நாளில் பகல் மூன்று மணிக்கு, ஆளில்லாத ஹாலில், உன் குரல் உன்னை விசாரிக்கும். நான் அடுப்படியில் கரண்டியும் கையுமாக நிற்பேன். படத்தைத் திருப்பி வைக்கலாமென்று கையை நீட்டி, மனசு வராமல் வந்துவிடுவேன்.

குரலை அழித்துவிடு என்று பெரியம்மா விடாமல் சொன்னார். சென்டரிலும் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள், புது டீச்சரின் குரலைப் பதிந்துகொள்கிறோம், குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று. போனேன். மிஸ் சியூ குட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தாளை நீட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

கடைசியில் ஒரு துண்டு இருந்தது. பாடத்துக்கு ஆகாது என்று நீ ஒதுக்கியது. செம்பனை மேல் மழை பெய்கிற சத்தம். பிறகு என் குரல். “ஏண்டி, ஒண்ணையே எத்தன தடவ சொல்லுவ? பசிக்குது, மக்கான் கடைக்குப் போலாம் லா.” அப்புறம் நீ. “அக்கா, புண்ணியமா போவும், கொஞ்சம் வாய மூடு. அஞ்சு எண்ணுக்கா. அஞ்சே அஞ்சு.”

மூட வேண்டிய வாய் யாருடையது என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. பேனாவை மேசை மேல் வைத்துவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெரியம்மா இன்னமும் என்னோடு பேசுவதில்லை.

தினமும் வேலை முடிந்து வந்ததும் உன் படத்துக்கு எதிரே உட்காருவோம், ரித்தியும் குட்டியும் நானும். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வேன். குட்டி உன்னை வரவேற்கும், உன் குரலில் விடைபெறும். ரித்தியின் கை ஓட்டைகளுக்குப் போகும். நான் எண்ணுவேன். திட்டவில்லை, கெஞ்சவில்லை. நான்தான் செய்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய். பல நாள் கழித்து அவள் கை பாதி தூரம் போய் நின்றது. என் கைகள் எங்கே என்று குனிந்து பார்த்தாள். பிறகு தன் கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சொல் மட்டும் வரவில்லை. சரி, இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை. காலையில் சென்டர் வேன் வந்து நின்றது. நல்ல வெயில். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா கதவைத் திறந்துவிட்டார். ரித்தி கேட் வரை போனாள், நின்றாள், திரும்பினாள்.

“க்கும். போயிட்டு வாரேன்.”

அது பிள்ளைக் குரல் இல்லை, வசந்தி. உன் செருமல், ‘வா’வில் நீ இழுக்கும் அந்த இழுப்பு, கடைசியில் லேசாகக் கீழே இறங்குவது, எல்லாம் உன்னுடையது. மேரி அக்கா நெஞ்சில் சிலுவை போட்டார். “ஆண்டவரே, யாரு பேசுனது?” என்று வேனுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார்.

ரித்தி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தபடி நின்றாள். அவள் எண்ணுகிறாள் என்று புரிந்தது. ஒன்று. பதில் சொல்ல வேண்டியவள் இப்போது நான். இரண்டு. எந்த ஒரு சொல்லுக்காகப் பிள்ளையின் வாயைப் பொத்தினேனோ, அதே சொல். மூன்று. உன் குரலுக்கு அதைச் சொன்னால் நான் கூப்பிடுவது யாரை? நான்கு. அவள் கை தொடையை விட்டு மேலே எழுந்தது, தன் வாயை நோக்கிப் போனது.

“வா” என்றேன். “போயிட்டு வாடி, என் தங்கமே.”

கையை இறக்கிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், பேக்டரிக்கு அன்று லேட்.

அன்று முதல் தினமும் சொல்கிறாள், உன் குரலில்தான். என்றைக்காவது அவளுடைய குரல் வரும் என்கிறார் மிஸ் சியூ. வரட்டும். அதுவரை உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் குரல் எப்போது விடைபெற்றாலும், யார் முகத்தைச் சுளித்தாலும், ஐந்து எண்ணுவதற்குள் நான் ‘வா’ என்பேன். அதைக் கேட்டு அவளோடு நீயும் வந்து நின்றால், நில். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்வேன்.

உன் வாயாடி அக்கா,
கமலா