சோப்புத்தூள் பாட்டு

மார்ச் 11, செவ்வாய். மூவார், மலேசியா.

இன்றும் நாடகம் பாதியில் நின்று அந்தச் சோப்புத்தூள் விளம்பரம் வந்தது. ஒரு மாதமாக இதே மலாய்ப் பாட்டுதான். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. "காசையும் வாங்கிட்டு விளம்பரத்தையும் போடுறானுங்க, ஏமாத்துக்காரனுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் கவிதாதான் இந்த நாடக ஆப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறாள். அவள் கணக்கில்தான் நாங்களும் பார்க்கிறோம். போன வாரம் கேட்டதற்கு, "இப்ப எல்லாருக்கும் அப்படித்தாம்மா," என்றாள். நானும் நம்பினேன்.

இன்று காலை பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா அதே ஆப்பில் அதே நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரமே வரவில்லை. கேட்டேன். "விலை ஏத்துனப்ப நாங்க கூடக் கட்டிட்டோம்லா. மலிவு பிளானுக்கு மாறுனவங்களுக்குத்தான் விளம்பரம் வரும்," என்றார்.

கவிதா ஏன் மலிவுக்கு மாறினாள்? எங்களுக்கென்றால் கணக்கே பார்க்காத பிள்ளை. தைப்பூசத்துக்கு வந்தபோதே அவள் முகம் சரியில்லை.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். மணி பதினொன்று இருக்கும். "ஆபீஸ்ல இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்," என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் அந்தச் சோப்புத்தூள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

விடுப்பில் இருக்கலாம். அப்படியென்றால் ஆபீஸ் என்று ஏன் சொல்ல வேண்டும்?

நான் ஒன்றும் கேட்கவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. இன்றிரவும் அந்த ஆப் கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டுத்தான் படுத்தார். திட்டட்டும். இன்னும் கொஞ்ச நாளைக்கு அவனையே திட்டிக்கொண்டிருக்கட்டும்.