மச்சானின் விமானத்துக்கு நான் கொடுத்த துணி

மச்சான்,

இன்று காலை கம்பெனி வாசல் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள். அந்த வாசனை ஏறியதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். குண்டடத்துத் தோட்டத்தில் உங்கள் விமானத்தின் இறக்கைத் துணிக்கு நாம் மூன்று பூச்சு பூசியதும் இதே வார்னிஷ்தான்.

சென்னையில் நம் பனியன் வாங்கும் பையர் காத்திருக்க, கோவையில் விமானத்தைத் தவறவிட்டு, ஆர்டரைப் பறிகொடுத்துத் திரும்பிய அன்று உங்களுக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. ரன்வேயே வேண்டாம், நல்லூர் கம்பெனி முற்றத்திலிருந்து நேராக மேலே எழும்பி, பையர் ஆபீஸ் வாசலில் இறங்க வேண்டும் என்றீர்கள். இறக்கை முனைகளில் விசிறிகள். எழும்பும்போது வானத்தைப் பார்க்கும், பிறகு முன்பக்கம் சாய்ந்து இழுத்துக்கொண்டு போகும். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கூட வந்தேன்.

துணி என் பொறுப்பு. வெளியில் வாங்குவது நமக்குக் கேவலம் என்று நம் மெஷினிலேயே பின்னிய துணியை எடுத்தேன். பனியன்காரன் புத்தி, இரண்டு கையாலும் இழுத்து விட்டேன், அழகாகப் பழைய அளவுக்கு வந்தது. "அருமைங்க மச்சான்" என்றேன். கையில் நீளுகிற துணி காற்றிலும் நீளுமே என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

வெறும் சட்டமாக இருந்தபோது இரண்டு முறை ஆள் உயரம் எழும்பியிருந்தீர்கள். துணியோடு அன்றுதான் முதல் தடவை. விமானத்தைக் கட்டிய கயிற்றைக் கல்தூணில் சுற்றி நுனியை நான் பிடித்திருந்தேன். நீங்கள் கையைத் தூக்கினால் நான் விட வேண்டும் என்று பேச்சு.

புழுதி கண்ணை மறைத்தது. பாதித் தென்னை உயரத்தில் இடது இறக்கைத் துணி பானை மாதிரி உப்பியது. உங்கள் இருக்கையிலிருந்து அது தெரியாது. விமானம் லேசாகச் சாய்ந்தது. நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். "கண்ணு, உட்றாத" என்றாள். நான் விடவில்லை. கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. நீங்கள் வேறு வழியில்லாமல் விசிறியைக் குறைத்தீர்கள். விமானம் தொப்பென்று இறங்கி இறக்கை கிழிந்தது. உங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"பயந்துட்டியே மாப்ளே. உட்டிருந்தீன்னா பறந்திருப்பேன்."

விமானம் விழுந்ததால்தான் துணி கிழிந்தது என்று நினைத்தீர்கள். நான் தலையாட்டினேன். அடுத்த மாதமே இன்ஜினை விற்றீர்கள். நம்பிக் கயிற்றைக் கொடுக்க ஆளில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். துணிதான் தப்பு, வேறு துணி போட்டுப் பார்க்கலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் மறுபடி ஏறியிருப்பீர்கள். என் துணியைப் பழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாகும்வரை என்னைப் பயந்தாங்கொள்ளி என்றே நம்பினீர்கள். நான் பயந்தாங்கொள்ளிதான் மச்சான். ஆனால் கயிற்றைப் பிடித்திருந்த அந்த நேரத்தில் மட்டும் நான் பயப்படவில்லை.