மலைச்சாமியின் மறு காது

அன்பு மகள் ரோகிணிக்கு,

அப்பா எழுதுவது. பழங்காநத்தத்தில் நானும் அம்மாவும் நல்ல சுகம், அங்கே குளிருக்குத் தலையில் ஏதாவது சுற்றிக்கொண்டு நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ நடுவில் நூறு கேள்வி கேட்டு என்னைச் சொல்லவிட மாட்டாய், அதனால் நான் எழுதி முடிக்கும்வரை ஒருத்தரும் உன்னிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உன் அண்ணி அஸ்வினி இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். உன் அண்ணன் பிள்ளை அழகுபாண்டி நன்றாக இருக்கிறான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே.

போன வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் அவனுக்குக் காதுகுத்து. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தாய்மாமன் மலைச்சாமி மடியில் உட்கார வைத்தாயிற்று. கொட்டாம்பட்டியிலிருந்து வேன் நிறையச் சீர் வந்திருந்தது. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். பிள்ளைக்கு வேடிக்கை காட்டலாம் என்று குனிந்தவன், மலைச்சாமியின் காதைப் பார்த்தேன். இடது காதில் துளை இருக்கிறது, வலது காது மொழுமொழுவென்று இருக்கிறது. "என்ன மாப்ள, ஒத்தக் காதோட விட்டுட்டாக?" என்று கேலியாகத்தான் கேட்டேன். "ஒரு காது குத்தவுமே மூணு நாளு ரத்தம் நிக்கல மாமா, சாமி குத்தம்னு ஆத்தா மறு காதத் தொடவே விடல" என்று அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முழங்கால் வீங்கி நொண்டுவது, பிள்ளையைத் தூக்கிய இடமெல்லாம் நீலமாகக் கன்றிப் போவது, அதைக் கண்ணேறு என்று நாங்கள் சுற்றிப் போட்டது, எல்லாம் சேர்ந்து ஞாபகம் வந்தது. ரத்தம் உறையாத நோய் தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரும், மாமனுக்கு இருந்தால் மருமகனையும் பார்க்க வேண்டும் என்று நீ ஒரு தடவை போனில் விளக்கினாய், நான் டி.வி. பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன். எப்படியோ உள்ளே போயிருக்கிறது பார்!

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்த தொண்டை இல்லையா, கோயிலே திரும்பிப் பார்த்தது. மலைச்சாமியின் அம்மா முத்துத்தாய், "நல்ல காரியத்துல குறுக்க நிக்கிறீகளே சம்பந்தி" என்று அழுதுவிட்டார். உன் அண்ணன் அருள்பாண்டி என்னை முறைத்தான். தப்பாகப் போயிருந்தால் சொந்தக்காரர்கள் ஆயுசுக்கும் என்னைக் கிண்டல் பண்ணியிருப்பார்கள். இருந்தாலும் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பெரியாஸ்பத்திரியில் மாமனுக்கும் மருமகனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் நீ ஆராய்ச்சி பண்ணுகிற அதே குறைவு, ரத்தத்தை உறைய வைக்கிற எட்டாம் நம்பர் சத்து போதவில்லையாம்! நோய் இருக்கிறது என்று கேட்டு எவனாவது துள்ளுவானா தாயி, நான் துள்ளினேன். மருந்து இருக்கிறது, முறையாக ஊசி போட்டால் ஓடி விளையாடலாம் என்று டாக்டர் சொன்னார், அஸ்வினியையும் சோதிக்க வேண்டுமாம். முத்துத்தாய் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வருசமா நான் செஞ்ச பாவம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

போன மாதம் நீ, பத்து வருஷமாகச் சோதனைக் குழாயோடு கிடக்கிறேனே, இதனால் யாருக்கு என்ன பயன், விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கட்டுமா என்று அலுத்துக்கொண்டாய். நானும், ரத்தம் உறைவதைப் பார்க்கவா பத்து வருஷம் என்று கேலி பண்ணினேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது டீக்கடையில் உட்கார்ந்து உன் ஆராய்ச்சியை எல்லோருக்கும் நான்தான் விளக்குகிறேன், பாதி தப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வேலையை விட்டுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. குலசாமி உன் கூடவே இருந்து காக்கட்டும்.

பதில் எழுதும்போது ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்த மறு காதுக்கு வாங்கிய கடுக்கனை முத்துத்தாய் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாராம். நேற்று வாசல் வரைக்கும் போன மலைச்சாமி திரும்பி வந்து, "மருந்து போட்டுக்கிட்டு இந்தக் காதையும் இப்பக் குத்திக்கிறலாமான்னு நம்ம ரோகிணி டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேளுங்க மாமா" என்றார்.

உன் பதிலுக்கு அவரோடு சேர்ந்து காத்திருக்கும்
அப்பா கருத்தக்கண்ணன்